பெரிய அறையின் கதவு

பாடாங் செராயில் வாசுகி குடியிருக்கும் தாமான் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் ஹால், பக்கவாட்டில் ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, பின்னால் சமையல்கட்டு. ஒரு வீட்டுக்குப் போய்ப் பழகியவன் கண்ணைக் கட்டிவிட்டாலும் இன்னொரு வீட்டில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்துவிடுவான். வாசுகியின் வீட்டில் மட்டும் முட்டிக்கொள்வான். அங்கே பெரிய அறைக்கு வழி இல்லை. கதவு என்னவோ இருக்கத்தான் செய்தது. ஆனால் சுவருக்கு அடித்த சாயத்தையே அதற்கும் அடித்து, இடுக்கு, கீல், தாழ்ப்பாள் என்று ஒன்றையும் விடாமல் பூசி மெழுகி, அது சுவரோடு சுவராகிப் போயிருந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள், பிறகு வாசுகியின் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வெயில் அதிகம் என்று பேச ஆரம்பிப்பார்கள்.

அந்தக் கதவைத் திறப்பதற்காகத்தான் ஐம்பத்தாறு வயதில் அவள் சாயத்தைச் சூடு காட்டி உரிக்கும் ஹீட் கன் ஒன்று வாங்கக் கிளம்பினாள். மூடிய கதையைச் சொல்லாமல் திறக்கிற கதையைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. அதனால் மூடிய கதை முதலில்.

வாசுகி கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட காலத்தில் குடும்பம் பாடாங் செராய்க்கு வந்தது. பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு கூலிம் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில், ஊர்ப்பேச்சில் கிலாங்கில், இரவு ஷிப்டில் சேர்ந்தாள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காளிதாசன் அவளைப் பெண் பார்க்க வந்தபோது, "இரவு வேலைக்குப் போற பொண்ணு ஆச்சே, பரவாயில்லையா?" என்று அவள் அம்மா பயந்துகொண்டே கேட்டாள். "நல்லதா போச்சு. எனக்குப் பகல் வேலை, அவங்களுக்கு ராத்திரி வேலை. சண்டை போடவே நேரம் இருக்காது" என்றார் காளிதாசன். அந்த ஒரு பேச்சுக்கே வாசுகி சம்மதித்துவிட்டாள்.

சொன்னபடிதான் வாழ்ந்தார்கள். காலையில் அவள் கிலாங் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில் அவர் லோரி எடுக்கக் கிளம்புவார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். ஒரே மகள் ரூபினியை அவர் ராத்திரியிலும் அவள் பகலிலுமாக மாற்றி மாற்றி வளர்த்தார்கள். மகள் ஜோகூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருவர்தான். பேருக்கு இருவர் என்றாலும் ஒருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருக்கும் வீடு அது.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காளிதாசன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "காத்து அடைக்கிற மாதிரி இருக்கு, வாசு" என்றார். நம் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் காற்றுதான். வாசுகி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாள் அவருக்கு விடுமுறை. காலையில் வந்து பெரிய அறையின் கதவை மெல்லத் திறந்து பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாவம், தூங்கட்டும் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஹாலில் அந்தக் கதவை ஒட்டியே பாய் போட்டுப் படுத்தாள். படுத்தவள் எழுந்தபோது மத்தியானம். அவரை எழுப்பப் போனாள். உடம்பு இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று வாசுகி கேட்டாள். விடியற்காலையாகவும் இருக்கலாம், நீங்கள் எழுப்பப் போனதற்குக் கொஞ்சம் முன்னால்கூட இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்த 'கொஞ்சம் முன்னால்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அவள் கதவைத் திறந்து பார்த்தபோது அவர் செத்திருந்தாரா, தூங்கிக்கொண்டிருந்தாரா? தூங்கிக்கொண்டிருந்தார் என்றால், அவள் ஹாலில் படுத்து உறங்கிய நேரத்தில் அவருக்கு வலி வந்து, ஒரு கதவுக்கு அந்தப்பக்கம் கிடந்து அவளைக் கூப்பிட்டாரா? அவர் கூப்பிட்டு அவள் காதில் விழாமல் போயிற்றா? வந்தவர்கள் எல்லாம், "தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்" என்றார்கள். யார் தூக்கத்தில் என்று வாசுகிக்குத்தான் தெரியவில்லை.

பிறந்த நட்சத்திரம் போதாதென்று செத்த நட்சத்திரமும் பார்க்கிறவர்கள் நாம். கோயில் பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "அவிட்டத்துல போயிருக்காரு. அடைப்பு. ஆறு மாசம் அந்த ரூமைப் பூட்டி வைக்கணும்" என்றார். அடைப்பில் போனவரை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, வந்த வழி தெரிந்து திரும்பி வந்துவிடுவார் என்பது வழக்கம். பின்சுவரில் செங்கலைப் பெயர்த்து, அந்த ஓட்டை வழியாகத்தான் காளிதாசனை வெளியே எடுத்தார்கள். படுத்த மெத்தையும் அதே வழியாகப் போய் எரிந்தது. ஓட்டையை அன்றைக்கே சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். ஹால் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள். வாசுகி தினமும் அதன் முன்னால் விளக்கு வைத்தாள்.

முதல் வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். காலையில் வந்து ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள். கண் செருகும் நேரத்தில் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டது.

"வாசு."

உரக்க இல்லை. வலியில் இருக்கிறவர் பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிடும் குரல். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அறை அமைதியாக இருந்தது. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும். சில நாளில் அவள் பாயில் கிடந்தபடியே, "ம்" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். பயம் இருந்தது. பயத்தைவிடக் குற்ற உணர்வு பெரிதாக இருந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் பூசாரி வந்து, "பூசையைப் போட்டுக் கதவைத் தொறந்துரலாம்மா. இனி அடைச்சு வெச்சாத்தான் தப்பு. போறவரு போக வேண்டாமா?" என்றார். அடுத்த வாரம் என்றாள் வாசுகி. அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றாள். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது அந்தக் கதவுக்கும் அடித்தாள். இடுக்கில் தூரிகையைக் குத்திக் குத்திச் சாயத்தை இறக்கினாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் மூட நினைத்தது ஊர் வாயை அல்ல. குரல் வரும் வழியை அடைத்துப் பார்த்தாள். தீபாவளிக்கு மறுநாள் காலையிலேயே குரல் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் இன்னொரு பூச்சு ஏறியது.

அந்தக் கதவுக்குத்தான் இப்போது கெடு வந்தது. ரூபினிக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வேண்டும்.

"சின்ன ரூம்ல கட்டில் போட்டா நிக்கவே இடம் இல்லம்மா. அப்பா ரூம்ல படுத்துக்கிறேன்" என்றாள் ரூபினி, போனில்.

"அடைப்பு ரூம்டி அது. பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு..."

"ஆறு மாசந்தானேம்மா அடைப்பு? ஏழு வருசமா அப்பாவை அடைச்சு வெச்சிருக்கீங்க."

மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வாசுகி போனை வைத்துவிட்டு அந்தக் கதவைப் பார்த்தாள். போனவரைப் போகவிடாமல் பூசி அடைத்தவள் தானே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பக்கத்து வீட்டு ஷீலா அதே கிலாங்கில் இரவு ஷிப்டில் இருப்பவள். வாசுகியைவிட இருபது வயது இளையவள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கு ஏன்க்கா யோசனை? எங்க வீட்டுக்காரரு ஒரு உதை விட்டா கதவு தனியா வந்துரும்" என்றாள்.

"ஒடைக்கக் கூடாது" என்றாள் வாசுகி.

ஏன் உடைக்கக் கூடாது என்பதை வாசுகி யாரிடமும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லலாம். அவளுக்கு அறை மட்டும் போதாது, அந்தக் கேள்விக்குப் பதிலும் வேண்டும். அந்தக் கதவு முழுசாக வேண்டும். அதைத் திறந்து, உள்ளே போய், மறுபடி சாத்திக்கொண்டு, அவர் கிடந்த இடத்தில் கிடந்து கூப்பிட்டால் ஹாலில் தூங்குகிறவளுக்குக் கேட்குமா கேட்காதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேறு கதவு போட்டால் வேறு சத்தம். அது அவளுடைய கேள்விக்குப் பதில் ஆகாது.

புவனேஸ்வரனின் இரும்புக்கடை கடைத்தெருவின் முனையில் இருக்கிறது. ஆணி வாங்கப் போனால் வீடு கட்டும் யோசனையோடு திரும்ப அனுப்பும் வாய் அவனுக்கு.

"வாங்கக்கா, பசியாறியாச்சா? என்னா வேணும்?"

"சாயத்தைச் சூடு காட்டி உரிக்கிற மிஷின் இருக்காமே, தம்பி."

"ஹீட் கன்னா? எதுக்குக்கா?"

"ரூம் கதவு. சாயத்துல ஒட்டிக்கிச்சு."

"அட, அதைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு பிளாஸ்டிக் கதவு மாட்டுங்க லா. தண்ணி பட்டா ஊறாது, கரையான் தொடாது. நானே ஆளு அனுப்புறேன்."

"எனக்கு இந்தக் கதவுதான் வேணும்."

"அப்படி என்னா கதவு? தேக்கா?"

"பிளைவூட்டு."

புவனேஸ்வரன் சிரிப்பை மென்று விழுங்கினான். தடவினால் சாயத்தைக் கரைக்கும் மருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். அது இடுக்கு வழியாக உள்ளே வடியுமா என்று கேட்டாள். வடியும்தான் என்றான். வேண்டாம் என்றாள். கடைசியில் மூன்று ஹீட் கன்களை மேசைமேல் வரிசையாக வைத்தான். பார்ப்பதற்கு மூன்றும் முடி உலர்த்தும் கருவியின் முரட்டு அண்ணன்கள்.

"இது மலிவு. ரெண்டே சூடுதான், ஒண்ணு சூடு, இன்னொண்ணு ரொம்பச் சூடு. இது பேட்டரியில ஓடுறது, ஒயர் தொல்லை இல்ல. ஆனா பாதி வேலையில மூச்சு விட்டுரும். இது வெலை கூட. இந்தச் சக்கரத்தைத் திருப்பினா எவ்வளவு சூடு வேணுமோ அவ்வளவுதான் வரும்."

"மலிவானதுல கதவு என்னா ஆகும்?"

"சாயம் நல்லாத்தான் உரியும். பிளைவூட்டு தாங்குமான்னு கேட்டா, அது வந்து..."

"வந்து போயின்னு வேணாம். போட்டுக் காட்டு."

வாங்க வந்த இடத்தில் இப்படி அதட்டுகிறவர்களைப் புவனேஸ்வரனுக்குப் பிடிக்கும். கடைக்குப் பின்னால் சாயம் அடித்த பழைய பிளைவூட் துண்டு ஒன்று கிடந்தது. மலிவானதை அதன்மேல் பிடித்தான். சாயம் பொரிந்தது, பழுப்பானது, புகைந்தது. சுரண்டியால் தள்ளியபோது சாயத்தோடு பலகையின் மேல்தோலும் கொப்பளித்துக் கிளம்பியது. அடுக்குகளை ஒட்டியிருந்த பசை விட்டுப் போயிருந்தது. வாசுகி குனிந்து அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். பொத்தென்று செத்த சத்தம் வந்தது.

பிறகு சக்கரம் வைத்ததைக் குறைந்த சூட்டில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். ஒரு கட்டத்தில் சாயம் புகையாமல், காய்ச்சிய பாலில் ஆடை கூடுவது போலச் சுருங்கி நெளிந்தது. சுரண்டி சத்தமில்லாமல் போயிற்று. அடியில் பலகை அலுங்காமல் இருந்தது. வாசுகி அதையும் தட்டிப் பார்த்தாள். காதைப் பலகையோடு வைத்து இன்னொரு தடவை தட்டினாள்.

"தேங்காயா வாங்குறீங்க, தட்டித் தட்டிப் பாக்குறீங்க?" என்றான் புவனேஸ்வரன்.

"இதையே குடு."

கருவியின் வாயில் மாட்டும் மூக்குகளும் கூடவே வந்தன. அகலமானது கதவின் முகத்துக்கு, குறுகலானது இடுக்குக்கு. பழைய சாயத்தின் புகை நல்லதில்லை, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒரே இடத்தில் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், நகர்த்திக்கொண்டே இருங்கள் என்று வாசல் வரை வந்து சொன்னான். "பதறாம செய்ங்கக்கா. பதறாத காரியம் சிதறாது" என்று பழமொழியையும் இலவசமாகக் கொடுத்தான்.

வாசுகி விடுப்பு எடுத்துக்கொண்டாள். காலையில் குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, கதவின் முன்னால் நின்றாள். "நான்தாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கருவியை முடுக்கினாள்.

அது பெரிய இரைச்சலோடு வேலை செய்தது. இடுக்கில் இருந்த சாயம் இளகி, நாடா நாடாவாகக் கழன்றது. போன தீபாவளியின் மஞ்சள், அதற்கடியில் பச்சை, அதற்கடியில் ஒரு வருடம் கடைக்காரன் தலையில் கட்டிய ரோஜா நிறம் என்று அவள் அடைத்து வைத்த வருடங்கள் தலைகீழாக வெளியே வந்தன. ஒவ்வொரு பூச்சையும் எந்த மனதோடு அடித்தாள் என்று கைக்கு ஞாபகம் இருந்தது. கை வலித்தபோது கருவியை நிறுத்தி நிமிர்த்தி வைத்தாள். இரைச்சல் அடங்கியதும் வீடு காலியானது போல இருந்தது. அப்போது கதவின் அந்தப்பக்கத்திலிருந்து, எப்போதையும்விடப் பக்கத்தில்,

"வாசு."

தூக்கக் கலக்கம் இல்லை, நின்றுகொண்டிருந்தாள். கருவி இன்னும் தகித்துக்கொண்டிருந்தது. ஓடிவிடலாம் என்று கால் திரும்பியதை அவளே பார்த்தாள். ஆனால் எங்கே ஓடுவது? ஏழு வருடமாக இதே வீட்டில்தானே ஓடிக்கொண்டிருக்கிறாள்?

"வந்துட்டேங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

தாழ்ப்பாள்தான் கடைசி. இரும்பு சூடேறியதும் அதன்மேல் இருந்த சாயம் தானாக வழிந்தது. துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. கதவை உள்ளங்கையால் தள்ளினாள்.

உள்ளே யாரும் இல்லை. பல்லி எச்சமும் தூசியும் நிறைந்த வெறும் அறை. மெத்தை இல்லாத கட்டில். பின்சுவரில் அவரை வெளியே எடுத்த இடத்தில் சாயம் பூசாத சிமெண்ட். மூலையில் அவருடைய லோரிச் செருப்பு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. வாசுகி வாசலிலேயே நின்று அழுதாள். பயந்ததற்கெல்லாம் அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றைக்கே அறையைக் கழுவினாள். சுரண்டிய கதவைத் தட்டிப் பார்த்தாள். பலகை கட்டுக்கோப்பாக இருந்தது. மின்விசிறியைத் துடைத்துப் போட்டதும் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. எல்லாம் அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. இனி ஹாலில் தூங்க ஒரு ஆள் வேண்டும். அதுவும் இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, அடித்துப் போட்டது போலத் தூங்குகிற ஆள்.

அதற்கு ஷீலாவைவிட்டால் வேறு ஆளே கிடையாது. கிலாங் பஸ்ஸில் அவளை எழுப்ப ஓட்டுநர் தகரத்தில் தட்ட வேண்டும். பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகளின் சத்தம் தாங்காமல் அவள் வாசுகி வீட்டு ஹாலில் வந்து படுப்பது வழக்கம். அப்போது விடுமுறைதான். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவள் திறந்த கதவைப் பார்த்து, "அடேயப்பா, நெசமாவே தொறந்துட்டீங்களா!" என்றாள். எட்டி உள்ளே பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாய் அங்க போட்டிருக்கேன். நீ தூங்கு. நான் உள்ள கொஞ்சம் வேலை பாக்குறேன்" என்றாள் வாசுகி. வேறு எதுவும் சொல்லவில்லை.

பாய் அதே இடத்தில், கதவை ஒட்டி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஷீலாவின் குறட்டை எழுந்தது. வாசுகி உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். மின்விசிறியைப் போட்டாள். கட்டில் பலகைமேல், அவர் கிடந்தபடியே, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கேட்கவில்லை என்றால் என்ன என்று அவள் எத்தனையோ நாள் யோசித்திருந்தாள். கேட்காது என்றால், அவர் கூப்பிட்டிருக்கலாம், அந்தக் குரல் அவருடையதுதான், சாகும்வரை அதைச் சுமக்க வேண்டியதுதான். கேட்கும் என்றால்? அதை மட்டும் அவள் அதிகம் யோசித்ததில்லை. அவளவள் பெயர்தான் அவளவளை எழுப்பும் என்பதால் ஷீலாவின் பெயரைச் சொல்வதென்று வைத்திருந்தாள். சுவரைப் பார்த்தபடி, நெஞ்சு அடைத்தவருக்கு எவ்வளவு குரல் வருமோ அவ்வளவு மட்டும் வைத்து, "ஷீலா" என்றாள்.

குறட்டை நின்றது.

"என்னக்கா?" என்றது ஹாலில் இருந்து தூக்கக் குரல்.

தற்செயலாக இருக்கும் என்று வாசுகிக்குத் தோன்றியது. மறுபடி குறட்டை எழும்வரை அசையாமல் கிடந்தாள். இந்தமுறை இன்னும் தாழ்த்தி, பாதிக் குரல் காற்றாகப் போகும்படி, கிட்டத்தட்ட முனகலாகக் கூப்பிட்டாள்.

பாய் சரசரத்தது. கதவு திறந்தது. கலைந்த தலையோடு ஷீலா நின்றாள்.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, என்னான்னு கேட்டா பதில் இல்ல. ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

வாசுகி திரும்பவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்து ஷீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு கூப்பிடல, ஷீலா."

"யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு. நான் நீ படுத்த எடத்துலதான் படுத்திருந்தேன். கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். அவரு என்னைக் கூப்பிடவே இல்ல." அவள் எழுந்து உட்கார்ந்து, வெறும் பலகையைக் கையால் அடித்தாள். "ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்ல? இந்தா, கதவுக்கு அந்தப்பக்கந்தானே கெடந்தேன். ஒரு தடவை வாசுன்னு சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

ஷீலா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே பூசாரி வந்து பூசை போட்டார். புதுக் கட்டிலும் தொட்டிலும் வந்து இறங்கின. ரூபினி வர இன்னும் சில நாள் இருந்தது. வாசுகி வேலைக்குத் திரும்பினாள். காலையில் வந்து, ஹாலில் பாயை விரித்து, திறந்த கதவைப் பார்த்தபடி படுத்தாள். கண் செருகியது. வழக்கமான நேரம் வந்தது, போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் ரொட்டிக்காரன் மோட்டார்சைக்கிளில் போனான். எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

யாரும் கூப்பிடவில்லை. காளிதாசன் செத்து ஏழு வருடம் கழித்து, அன்றைக்குத்தான் அவள் அந்த வீட்டில் தனியாக இருந்தாள்.